இலை உதிரும் நாட்களில் எதை வரைவது?

ஸ்கெட்ச்புக்கோடு இலையுதிர்காலத்தில் வெளியே போகிற பலரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எதிரே சரிவு முழுக்க மஞ்சளும் சிவப்பும். அத்தனையையும் தாளுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தாளில் இருப்பது கலங்கிய பழுப்பு. இரண்டு முறை இப்படி ஆனால், வரைய ஒன்றும் தோன்றவில்லை என்று ஸ்கெட்ச்புக்கை மூடி வைத்துவிடுகிறார்கள்.

நிறம் மட்டுமே தெரிகிற காட்சியில் பென்சிலுக்குப் பிடிமானம் கிடைக்காது. கோடு போட ஒரு விளிம்பு வேண்டும், ஒப்பிட ஒரு நீளம் வேண்டும். எல்லாவற்றையும் விட, பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி வேண்டும். ‘எவ்வளவு அழகு!’ என்று வியந்து நிற்பதால் கை நகராது. ‘இந்த இலையில் இந்தப் பாதி மட்டும் ஏன் சிவந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள், பென்சில் தானாக இறங்கும். இந்தப் பருவம் அப்படிப்பட்ட கேள்விகளைக் காலடியிலேயே கொட்டி வைத்திருக்கிறது. ஆகவே முதல் நாள் மலைச்சரிவை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு இலையோடு உட்காருங்கள்.

எந்த இலை? முழுக்கச் சிவந்த, மாசுமறுவற்ற இலையை எடுக்காதீர்கள். அதில் பார்ப்பதற்குக் குறைவு. பாதி வழியில் நிற்கும் இலைதான் வேண்டும். பச்சையம் சிதையத் தொடங்கும்போது, கோடை முழுக்க இலைக்குள் மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் என்னும் நிறமிகள் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் வெளித்தெரிகின்றன. சிவப்பும் ஊதாவும் தரும் ஆந்தோசயனின் கதை வேறு. பல மரங்களில் அது இந்தப் பருவத்தில்தான் புதிதாக உண்டாகிறது. அதற்கு இலையில் சேர்ந்த சர்க்கரையும் நல்ல வெளிச்சமும் வேண்டும். பகலில் தெளிந்த வெயில், இரவில் உறைநிலைக்கு இறங்காத குளிர் என்று சில நாட்கள் தொடர்ந்தால் சிவப்பு ஆழமாகிறது.

இதைத் தெரிந்துகொண்டு மரத்தடியில் தேடினால் கண்ணில் படுபவையே வேறு. மேலே இன்னொரு இலை மறைத்திருந்த இடம் மஞ்சளாகவே நின்றுபோக, வெயில் பட்ட மீதி மட்டும் சிவந்திருக்கும். மேல் இலையின் விளிம்பு கீழ் இலையில் அச்சுப் போலப் பதிந்திருக்கும். நரம்புகளை ஒட்டி மட்டும் பச்சை தங்கிய இலைகள் கிடைக்கும். இலையைக் குடைந்து வாழும் சிறு புழுக்கள் இருந்தால், சுற்றிலும் மஞ்சளாகிவிட்ட இலையில் அவை இருக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் ஒரு பச்சைத் திட்டு தீவு போல நிற்கும். ஓக் இலைகளின் அடிப்புறத்தில் பூச்சிகளால் உண்டான சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். இவற்றில் ஒன்று கிடைத்தாலே ஒரு பக்கத்துக்குப் போதும்.

கோட்டில் தொடங்குவோம். இலையை அதன் அசல் அளவிலேயே வரையுங்கள். சிறிதாக்கவோ பெரிதாக்கவோ போனால் ஒவ்வொரு நீளத்தையும் மனதுக்குள் கணக்குப் போட வேண்டியிருக்கும், விகிதம் அங்கேதான் கெடுகிறது. எச்பி பென்சிலால் முதலில் காம்பும் நடுநரம்பும் ஒரே வளைகோடாக வர வேண்டும். காம்பைக் கடைசியில் ஒட்டவைப்பவர்களின் இலை எப்போதும் ஒடிந்தது போலவே தெரியும். அடுத்து இலையின் மிக அகலமான இடம் நடுநரம்பில் எங்கே விழுகிறது என்று பென்சிலை வைத்து அளந்து ஒரு புள்ளி. பிறகு கிளைநரம்புகள். இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்துவராது. எதிரெதிராகப் புறப்படுவது போலத் தோன்றும் நரம்புகளும் கூர்ந்து பார்த்தால் சற்று மாறி மாறிப் புறப்படுவதைக் காணலாம். விளிம்பு கடைசியில்தான். நரம்புகள் சரியாக விழுந்துவிட்டால் விளிம்பு எங்கே போக வேண்டும் என்பதை அவையே சொல்லிவிடும்.

மரத்துக்கு மரம் இந்த வரிசை கொஞ்சம் மாறும். மேப்பிள் இலையில் முதன்மை நரம்புகள் எல்லாம் காம்பின் தலையில் ஒரே புள்ளியிலிருந்து விரிகின்றன. அந்தப் புள்ளியை வைத்து, நுனிகளைப் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டு, பிறகு இணைப்பது எளிது. ஓக்கில் ஒவ்வொரு மடலுக்கும் ஒரு நரம்பு ஓடும். பீச்சில் கிளைநரம்புகள் நேராக, இணையாக விளிம்பு வரை போகும். கிங்கோவில் நடுநரம்பே கிடையாது. காம்பிலிருந்து புறப்படும் நரம்புகள் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே விசிறியாகின்றன. மேப்பிளை வரைந்த கையோடு கிங்கோவை வரைந்தால், கை பழக்கத்தில் இல்லாத நடுநரம்பைப் போட்டுவிடும். கவனம்.

சுருண்ட சருகுதான் கடினம். அழகும் அதில்தான். சருகை நாடாவாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுநரம்பு எங்கே மறைந்து எங்கே திரும்ப வெளிவருகிறது என்பதை, மறைந்த பகுதியையும் சேர்த்து, கண்ணாடி வழியே தெரிவது போல முழுக்க மெலிதாக வரையுங்கள். இரு விளிம்புகளையும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத பகுதியைக் கடைசியில் அழித்துக்கொள்ளலாம். இப்படிச் செய்யாமல் தெரிகிற துண்டுகளை மட்டும் வரைந்தால், மடிப்புக்கு அந்தப் பக்கம் வரும் விளிம்பு வேறொரு இலையுடையது போல நிற்கும். மடிந்து தெரியும் அடிப்புறத்தில் நிறம் வெளிறியிருக்கும், நரம்புகள் புடைத்திருக்கும். மேற்புறத்தில் அவை பள்ளமாக ஓடும். இந்த ஒரு வேறுபாட்டைக் காட்டிவிட்டாலே தாளில் கனம் வந்துவிடுகிறது.

நரம்பை அழுத்தமான கறுப்புக் கோடாகப் போடுவது எல்லோரும் செய்யும் பிழை. முன்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்போது பெரும்பாலான இலைகளில் நரம்பு, சுற்றியுள்ள பரப்பை விட வெளிறித்தான் தெரியும். அதே இலையைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் இலையை ஊடுருவும், நிறம் பற்றி எரியும், தடித்த நரம்புகள் கருமையாகும். ஒரே இலையை இந்த இரு வெளிச்சங்களிலும் பக்கம் பக்கமாக வரைந்து பார்ப்பதை விட நல்ல பயிற்சி இந்தப் பருவத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி வண்ணம். கோடு சரியாக வந்தும் பலர் தோற்பது இங்கேதான், காரணம் எளிமையானது. சிவப்பும் பச்சையும் ஈரத்தில் சந்தித்தால் ஒன்றையொன்று கொன்று பழுப்பாகிவிடும். அதனால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வாட்டர்கலர் தாளில், இலை முழுவதற்கும் முதலில் மெல்லிய மஞ்சளை ஓட்டுங்கள். பளபளப்பாக வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் வெள்ளையாக விடுங்கள். ஈரம் இருக்கும்போதே ஒரு புறம் சிவப்பையும் மறுபுறம் பச்சையையும் தொட்டு வையுங்கள். நடுவில் மஞ்சள் ஒரு பட்டையாகத் தங்க வேண்டும். பல இலைகளில் உண்மையிலேயே அப்படி ஒரு பட்டை இருப்பதைப் பார்க்கலாம்.

எப்போது தொடுவது என்பதுதான் சூட்சுமம். தாளைச் சாய்த்து அதன் மினுமினுப்பைப் பாருங்கள். தண்ணீர் தேங்கிப் பளபளத்தால் வண்ணம் கட்டுக்கடங்காமல் ஓடும். பட்டுத்துணி போன்ற மங்கிய மினுக்கம் வந்ததும் தொட்டால் ஓரம் மென்மையாகக் கரையும், அதுவே நேரம். மினுக்கம் முழுக்கப் போய், தொட்டால் மட்டும் குளிர்ச்சியாக இருக்கும் கட்டத்தில் நீர்த்த வண்ணத்தை வைக்கவே கூடாது. புதுத் தண்ணீர் பழைய வண்ணத்தை வெளியே தள்ளி, ஓரம் பூப்பூவாகக் கிழிந்த கறையை உண்டாக்கும். அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு முழுக்கக் காயும் வரை காத்திருங்கள். வெளிறிய நரம்புகளைக் காய்ந்த பிறகு, ஈரமான சிறு பிரஷால் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்துக்கொள்ளலாம்.

மஞ்சள் இலையின் நிழல்புறத்துக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள். மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் பாசிப்பச்சை வந்து நிற்கும், பழுத்த இலை மறுபடி பச்சையானது போல இருக்கும். அதற்கு மண்மஞ்சளான யெல்லோ ஓக்கர், அதைவிட ஆழமாக வேண்டுமானால் செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா, காய்ந்தபின் மேலே மிக மெல்லிய ஊதாப் பூச்சு. சருகுகளுக்கும் மரப்பட்டைக்கும் பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரின் நீலமும் போதும். சியன்னா கூடினால் சூடான பழுப்பு, நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல். இவ்விரண்டோடு ஒரு எலுமிச்சை மஞ்சள், ஒரு ஓக்கர், ஒரு தூய சிவப்பு, ஒரு குளிர்ந்த ஊதாச்சிவப்பு. இந்த 6 வண்ணங்களில் பருவம் முழுவதையும் ஓட்டிவிடலாம். பச்சையைத் தனியாக வாங்க வேண்டியதில்லை. அல்ட்ராமரினும் மஞ்சளும் கலந்து வரும் அடங்கிய பச்சைதான் இந்த நாட்களின் இலைகளுக்கு ஒத்துப்போகிறது.

பறித்த இலை காத்திருக்காது. சூடான, உலர்ந்த அறையில் ஒரு மணி நேரத்திலேயே ஓரம் சுருளத் தொடங்கிவிடும். அதனால் வரையத் தொடங்கும் முன்பே பக்கத்தின் ஓரத்தில் 1 செ.மீ. கட்டங்களாக அதன் 5, 6 நிறங்களைக் கலந்து பூசித் தேதியும் எழுதிவிடுங்கள். வடிவத்தை அடுத்த நாள் கூடச் சரிபார்க்கலாம், நிறம் அதற்குள் மாறிவிட்டிருக்கும். ஈரமான காகிதத்தில் சுற்றி மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில நாட்கள் தாக்குப்பிடிக்கும். புத்தகத்துக்குள் அழுத்தி வைத்த இலை வரைவதற்கு ஆகாது. தட்டையாகி, நிறமும் மங்கி, இலை இலையாக இருப்பதற்குக் காரணமான வளைவுகளையெல்லாம் இழந்திருக்கும்.

ஒரு கிளை, பல நாட்கள்

தமிழில் இலைக்குப் பருவந்தோறும் ஒரு பெயர் உண்டு. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. இந்தப் பெயர் வரிசையே ஒரு நல்ல ஓவியத் திட்டம். கண்மட்டத்தில் இருக்கும் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, காம்புகளை நெருக்காமல் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டி வையுங்கள். 3 நாட்களுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே பக்கத்திலிருந்து வரையுங்கள். நூலிலிருந்து நுனி வரை 5, 6 இலைகள் போதும். ஒவ்வொரு தடவையும் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பெரிதாக எடுத்துக்கொண்டால் இரண்டாம் வாரத்தில் சலித்துவிடும். எந்த இலை முதலில் நிறம் மாறியது, மாற்றம் ஓரத்திலிருந்து வந்ததா நரம்போரத்திலிருந்து வந்ததா, எந்த இலை முதலில் விழுந்தது என்று பக்கங்கள் தாமாகவே பதில் சொல்லத் தொடங்கும். என்ன வரைவது என்ற கேள்வி அதன்பின் எழாது. அடுத்து என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் கால் போகும்.

இலை விழுந்த இடத்தையும் தவறாமல் வரையுங்கள். காம்பின் அடியில் ஒரு பிரிபடலம் உருவாகி, அங்கேதான் இலை கழன்று விழுகிறது. கிளையில் ஒரு தழும்பு தங்கும். அதற்குள் இருக்கும் சிறு புள்ளிகள், இலைக்குள் நீர் போய்வந்த குழாய்களின் முனைகள். குதிரைச் செஸ்ட்நட் மரத்தில் இந்தத் தழும்பு அப்படியே குதிரை லாடம், ஆணிகள் உட்பட. தழும்புக்கு மேலேயே அடுத்த வசந்தத்துக்கான மொட்டு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்தது என்பார்களே, அந்தக் குருத்து இங்கே இலை விழும் முன்பே தயாராக இருக்கிறது. மேப்பிளிலும் ஆஷ் மரத்திலும் தழும்புகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். ஓக், பீச், பிர்ச் மரங்களில் மாறி மாறி வரும். இதைக் கவனிக்காமல் வரைந்தால் மரம் தெரிந்தவர் கண்ணில் அந்தக் கிளை உடனே பொய்யாகப் படும். பேனாவில் வரைய மிகவும் ஏற்ற பொருள் இது. உருப்பெருக்கி லென்ஸ் ஒன்று இருந்தால் இரண்டு மடங்கு பெரிதாக்கி வரையலாம்.

மரம் முழுதாக

பாதி இலை உதிர்ந்த மரம்தான் வரைய நல்ல மரம். கிளைகளின் போக்கும் தெரியும், இலைத்திரளும் மிச்சம் இருக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, திரள்களை 3 அல்லது 4 பெரிய வடிவங்களாகப் பிரித்துக்கொண்டு, இடைவெளிகளில் மட்டும் கிளைகளைக் காட்டுங்கள். ஒரு திரளுக்குள் நுழைந்த கிளை மறுபுறம் அதே திசையில் வெளிவருகிறதா என்று பாருங்கள். இலைகளுக்கு நடுவே தெரியும் வானத் துண்டுகளை, திறந்த வானத்தை விட ஒரு படி கருமையாகப் போட வேண்டும். சுற்றியுள்ள சிறு கிளைகளும் இலைநுனிகளும் அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் தின்றுவிடுகின்றன. வெள்ளையாகவே விட்டால் மரத்தில் காகிதத் துண்டுகள் ஒட்டியது போலத் தெரியும்.

கிளை பிரியும்போது எவ்வளவு மெலிய வேண்டும் என்பதற்கு லியொனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் எழுதிவைத்த ஒரு கணக்கு இன்றும் உதவும். எந்த உயரத்திலும் எல்லாக் கிளைகளையும் ஒன்றுசேர்த்தால் அடிமரத்தின் பருமன் வரும் என்றார் அவர். பருமன் என்பது இங்கே குறுக்குவெட்டுப் பரப்பு. அதாவது ஒரு கிளை இரண்டு சமக் கிளைகளாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் தாய்க்கிளையின் அகலத்தில் பாதியாகிவிடாது, ஏறக்குறைய 0.7 பங்கு இருக்கும். எல்லா மரமும் இதற்குத் துல்லியமாகக் கட்டுப்படாது. ஆனாலும் தொடக்கத்தில் பெரும்பாலோர் கிளைகளை மிக வேகமாக மெலிய விட்டுவிடுவதால், இந்த 0.7 மனதில் இருந்தால் கை திருந்தும்.

வெயில் இந்த நாட்களில் தாழ்வாகவே நகர்கிறது. சூரியன் அடிவானத்திலிருந்து 45 பாகை உயரத்தில் இருக்கும்போது நிழல் மரத்தின் உயரத்துக்குச் சமம். 20 பாகைக்கு இறங்கினால் உயரத்தைப் போல் 2.7 மடங்கு. நீண்ட நிழல் தரையின் மேடுபள்ளங்களையெல்லாம் கோடாகக் காட்டிக்கொடுப்பதால், வெறும் புல்வெளி கூட வரையத்தக்கதாகிவிடுகிறது. ஆனால் அது நகர்ந்துகொண்டே இருக்கும். உட்கார்ந்த முதல் 5 நிமிடத்தில் நிழலின் எல்லையைக் குறித்துவிட்டு, பிறகு அது எங்கே போனாலும் தாளில் மாற்றாதீர்கள். மூடுபனிக் காலை என்றால் பென்சில் ஒன்றே போதும். தூரம், நடு, அருகு என்று 3 அழுத்தங்கள், அருகில் இருப்பதற்கு மட்டும் விளிம்புக்கோடு.

தரையில் கிடப்பவை

பைன் காய் பார்ப்பவரை மிரட்டும். செதில் செதிலாக வரையப் போனால் பத்தாவது செதிலில் வழி தவறிவிடும். காயின் அடிப்பக்கத்தைப் பார்த்துச் சுருள்களை எண்ணுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கமாக 8, எதிர்ப்பக்கமாக 13 சுருள்கள் ஓடும். சில காய்களில் 5ம் 8ம். முட்டை வடிவம் ஒன்றைப் போட்டு, இரு திசைச் சுருள்களையும் மெலிதாக இழுத்து, அவை வெட்டிக்கொள்ளும் கட்டங்களில் செதில்களை வையுங்கள். இன்னொரு விஷயம்: ஈரத்தில் காய் மூடிக்கொள்ளும், உலர்ந்தால் விரியும். வெளியிலிருந்து எடுத்துவந்த ஈரக் காயை உடனே வரைய உட்கார்ந்தால் வரையும்போதே அது மெல்ல விரிந்து வடிவம் மாறும். ஒரு நாள் அறையில் வைத்திருந்துவிட்டு எடுங்கள்.

காளான்களைப் பிடுங்காமலே வரையலாம். ஒரு சிறு கைக்கண்ணாடியைக் குடையின் கீழ் சாய்த்தால் அடித்தகடுகள் தெரியும். அத்தகடுகள் எல்லாம் தண்டை நோக்கிக் குவிய வேண்டும், குடையின் விளிம்பு ஒரு நீள்வட்டம், தண்டில் வளையம் இருந்தால் அதுவும் அதே சாய்வில் இன்னொரு நீள்வட்டம். இரண்டின் சாய்வும் பொருந்தாவிட்டால் காளான் கோணலாக நிற்கும். விழுந்து கிடக்கும் குடை ஒன்று கிடைத்தால், பாதி வெள்ளை பாதி கறுப்பான தாளில் தகடுகள் கீழே இருக்குமாறு வைத்து, ஒரு கண்ணாடிக் குவளையால் மூடி இரவு முழுக்க விடுங்கள். வித்துத் தூள் தானே கதிர் கதிராக விரியும் ஒரு படத்தை வரைந்துவைத்திருக்கும். தொட்ட கையைக் கழுவிவிடுங்கள். எந்தக் காளானையும் வாயில் வைக்க வேண்டாம்.

விதைகளில் மேப்பிளின் இறக்கை விதையை விடாதீர்கள். இறக்கையின் ஒரு ஓரம் தடித்து, மறு ஓரம் மெலிந்திருக்கும். அந்த வேறுபாடுதான் அதைச் சுழல வைக்கிறது, ஓவியத்தில் அதைத் தட்டையாக்கிவிட்டால் விதைக்கு உயிரில்லை. பனித்துளி கோத்த சிலந்தி வலையை வெள்ளைத் தாளில் வரைவதை விடச் சாம்பல் தாளில் வெள்ளைப் பென்சிலால் வரையலாம். ஆரக்கால்களை எண்ணி முதலில், சுருளைப் பிறகு.

பறவைக் கூட்டம் தெற்கே போகிறதென்றால் ஒரு பறவைக்கு 10 வினாடி. உடலுக்கு ஒரு கோடு, சிறகுக்கு ஒரு கோடு. ஒன்றை முடிக்க முயலாமல், பாதியில் விட்ட பறவைகளைப் பக்கம் நிறைய அப்படியே வைத்திருங்கள், அதே நிலை கூட்டத்தில் இன்னொரு பறவையிடம் திரும்ப வரும்.

குளிரைப் பற்றிக் கொஞ்சம். காரீயப் பென்சில் எந்தக் குளிரிலும் எழுதும், ஈரத்தாளில் மட்டும் வழுக்கும். பந்துமுனைப் பேனாவின் மை குளிரில் இறுகித் தடங்கும், சட்டைப்பைக்குள் சூடாக வைத்திருங்கள். ஈரக்காற்றில் வாட்டர்கலர் காயவே காயாது. அதனால் வெளியில் கோடும் குறிப்பும், உள்ளே வண்ணம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. நிறக்குறிப்பைக் கோட்டோவியத்தின் மேலேயே எழுதுங்கள்: மஞ்சளுக்கு ம, சிவப்புக்கு சி, பச்சைக்கு பச், பழுப்புக்கு பழு. கூடவே 1 முதல் 5 வரை ஓர் எண், 1 மிக வெளிர், 5 மிக ஆழம். ‘சி4, ஓரம் ம2’ என்று எழுதிய குறிப்பு ஒரு வாரம் கழித்தும் புரியும். ‘அழகான சிவப்பு’ என்று எழுதியது மறுநாளே புரியாது. உட்கார ஒரு தடித்த விரிப்பு, விரல்நுனி திறந்த கையுறை, 20 நிமிடத்துக்கு மேல் ஒரே இடம் வேண்டாம்.

நூல் கட்டிய கிளையில் கடைசி இலையும் விழுந்த பிறகு இன்னும் ஒருமுறை போய் அதே 15 நிமிடம் வரையுங்கள். தழும்புகளை எண்ணி, முதல் பக்கத்தில் வரைந்த இலைகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு தழும்புக்கும் பக்கத்தில் அந்த இலை விழுந்த தேதியை எழுதுங்கள். இளம் பீச் அல்லது ஓக் மரக் கிளையாக இருந்தால் சருகுகள் வசந்தம் வரை ஒட்டிக்கொண்டே இருக்கக்கூடும். அப்படியானால் அந்த நூலை அவிழ்க்காதீர்கள், பக்கங்களை மிச்சம் வைத்திருங்கள்.